பலாலியும் மீனம்பாக்கமும்: தூரமும் பயண நேரமும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துப் பலாலி விமானநிலையத்திற்கும் சென்னை மீனம்பாக்கம் விமானநிலையத்திற்கும் இடையிலான வான்வழித் தூரம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். பழைய கணக்கில் இது 220 மைலாகும். பலாலியிலிருந்து கொழும்பின் தெற்கேயுள்ள இரத்மலானை விமானநிலையம் ஏறத்தாழ 330 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. ஆகவே குடாநாட்டின் வடகரையில் நிற்கும் ஒருவருக்கு நாட்டின் பழைய விமானநிலையமும் சென்னையின் விமானநிலையமும் ஏறக்குறையச் சமதூரத்திலேயே அமைந்துள்ளன எனலாம்.

மேலும் ஓர் உண்மை ஈண்டு நோக்கத்தக்கது. இரத்மலானையையும் மீனம்பாக்கத்தையும் இணைத்து ஒரு நேர்கோடு வரையின் அக்கோடு பலாலிக்கு மேற்கே சில கிலோமீற்றர் மட்டுமே விலகிச் செல்லும். இரத்மலானையிலிருந்து சென்னைக்குப் பறக்கும் விமானம் பலாலியில் இறங்கிச் செல்வதனால் அதன் வழித்தூரத்தில் ஒரு கிலோமீற்றரும் கூடுவதில்லை. அத்துடன், பலாலி அவ்வழியின் ஏறக்குறைய நடுப்பகுதியிலும் உள்ளது. இயற்கை இடைத்தங்கலுக்கென்றே அமைத்துக் கொடுத்த இடம் போன்றது அது.

இத்தூரங்கள் என்றும் மாறாதவை. ஆயினும் யாழ்ப்பாணத்தான் ஒருவன் சென்னையை அடைய எடுத்த நேரம் கடந்த ஒன்றரை நூற்றாண்டில் பலமுறை மாறியுள்ளது. அது காலப்போக்கில் குறைந்துகொண்டே வந்தது என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. குறைந்தது, மீண்டும் கூடியது, பின்னர் மீண்டும் குறைந்தது என்பதே வரலாறு காட்டும் செய்தி. இம்மாற்றங்களின் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்றும் தோணியும்

விமானமும் புகைவண்டியும் வருமுன்னர் பாக்குநீரிணையைக் கடந்தவர்களின் பயண நேரத்தைக் காற்றே தீர்மானித்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களும் வாடைக் காற்று வீசும் மாதங்களும் கடலோடிகளின் நாட்காட்டியாக விளங்கின. ஊர்காவற்றுறை, வல்வெட்டித்துறை முதலிய துறைகளிலிருந்து புறப்பட்ட பாய்க்கப்பல்களும் தோணிகளும் காற்று வாய்த்தால் விரைந்து கரைசேர்ந்தன. வாய்க்காதவிடத்துத் துறையிலேயே நாட்கணக்கிற் காத்துக் கிடந்தன. பயணம் எத்தனை நாள் என்னும் வினாவுக்கு எவரும் திட்டமாக விடைகூற இயலாத காலம் அது.

எனினும் அக்காலத்தில் யாழ்ப்பாணத்தின் அறிவுலகம் சென்னையோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் வாங்குவதற்காக 1849 இல் சென்னைக்குச் சென்றார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857 இல் நிறுவப்பட்ட அதே ஆண்டில் அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர்கள் யாழ்ப்பாணத்தவரான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையுமாவர். பயணம் நீண்டதாயும் நிச்சயமற்றதாயும் இருந்தபோதும் தொடர்பு அறுபடவில்லை. கடலைக் கடப்பதற்கு அன்று காற்றின் தயவு வேண்டியிருந்தது, கடவுச்சீட்டு வேண்டியிருக்கவில்லை. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளல் அவசியம்.

புகைவண்டியும் படகும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயண நேரம் முதன்முறையாக அட்டவணைக்குள் வந்தது. வடபகுதிப் புகையிரதப்பாதை 1905 இல் முழுமையடைந்தது. 1914 இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, அதே ஆண்டு மார்ச் மாதத்தில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக்கப்பற் சேவையும் தொடங்கியது. கொழும்பிலிருந்து சென்னை எழும்பூர் வரை ஒரே பயணச்சீட்டிற் செல்லக்கூடிய வழி இவ்வாறு பிறந்தது. மக்கள் இதனைப் 'போட் மெயில்' என்றே அழைத்தனர்.

இவ்வழி கொழும்பை மையமாகக் கொண்டு வகுக்கப்பட்டமையால் யாழ்ப்பாணத்தவர்க்கு அது ஒரு சுற்றுவழியாகவே இருந்தது. வடக்கேயுள்ள சென்னைக்குச் செல்ல விரும்பியவர் முதலில் தெற்கு நோக்கி மதவாச்சி வரை செல்லவேண்டும். அங்கு வண்டி மாறி வடமேற்காகத் தலைமன்னாரை அடைந்து கப்பலேற வேண்டும். பின்னர் தனுஷ்கோடியிலிருந்து மீண்டும் புகைவண்டி. ஒரு நாளுக்கு மேலாகும் பயணம் அது. நேர்கோட்டில் 355 கிலோமீற்றரான தூரம் நிலத்தில் அதன் இரு மடங்குக்கும் மேலாக நீண்டது. தலைநகரின் வசதிக்கென வகுக்கப்பட்ட பாதையிற் புறப்பகுதியார் சுற்றிச் செல்லும் நிலை பிற்காலத்தில் இன்னும் கடுமையாகத் திரும்பி வருவதைக் காண்போம்.

வானூர்தியின் வருகை

இந்தியத் துணைக்கண்டத்தில் டாட்டா நிறுவனத்தின் வான்தபாற் சேவை 1932 ஒக்ரோபர் 15 ஆந் திகதி தொடங்கியது. கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே. ஆர். டி. டாட்டா விமானத்தைச் செலுத்தினார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ற். இலங்கையில் இரத்மலானை விமானத்தளத்தில் முதல் விமானம் 1935 நவம்பர் 27 ஆந் திகதி இறங்கியது. அதைச் செலுத்தி வந்த டின்டேல் பிஸ்கோ என்பவர் மதராஸ் விமானமோட்டிகள் கழகத்தின் பயிற்றுநராவார். இலங்கையின் முதல் விமானத்தளத்திற்கு வந்த முதல் விமானமே சென்னையிலிருந்துதான் வந்தது என்பது குறிப்பிடத்தக்கது. 1938 இல் டாட்டா நிறுவனத்தின் வான்தபாற் சேவை கொழும்பு வரை நீட்டப்பட்டது.

பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப்போரின் விளைவாகும். பிரித்தானிய அரச வான்படையினர் போர்த் தேவைக்காக அதனை அமைத்தனர். வலிகாமம் வடக்கின் செம்மண் தோட்டங்களுக்கிடையில் அமைந்த அந்த ஓடுபாதை போர் முடிந்தபின் குடிமக்கட் சேவைக்குத் திறந்துவிடப்பட்டது. போருக்காகப் பிறந்து, அமைதிக்காலத்திற் பொதுமக்களுக்குப் பயன்பட்டு, பின்னர் மீண்டும் போரின் கையிற் சென்றமை அவ்விமானத்தளத்தின் விதியாயிற்று.

1947 டிசெம்பர் 10

எயார் சிலோன் நிறுவனத்தின் முதற் சேவை 1947 டிசெம்பர் 10 ஆந் திகதி நடைபெற்றது. இலங்கை சுதந்திரமடைவதற்கு ஏறத்தாழ எட்டு வாரங்களே இருந்தன. போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைச்சராகச் சேர் ஜோன் கொத்தலாவலை விளங்கினார். 'சீதாதேவி' எனப் பெயரிடப்பட்ட டி.சி. 3 ரக விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னையை அடைந்தது. காங்கேசன்துறை என்னும் பெயரே அக்காலத்தில் அவ்விமானநிலையத்திற்கு வழங்கிற்று.

ஒரு நாட்டின் தேசிய விமானசேவை தனது முதல் வழியாக எதனைத் தெரிந்தெடுக்கிறது என்பது வரலாற்று மாணவருக்கு முக்கியமான செய்தியாகும். கொழும்பு, யாழ்ப்பாணம், சென்னை என்னும் மூன்று நகரங்களும் ஒரே கோட்டில் அமைந்திருந்தன. அக்கோட்டில் வணிகரும் மாணவரும் அரசாங்க உத்தியோகத்தரும் தலயாத்திரிகரும் போய்வந்துகொண்டிருந்தனர். நிலப்படம் காட்டிய வழியையே விமானமும் பின்பற்றியது.

டி.சி. 3 விமானம் மணிக்கு ஏறத்தாழ 270 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கவல்லது. அவ்வேகத்திற் பலாலியிலிருந்து மீனம்பாக்கம் ஒரு மணி இருபது நிமிட வழி. ஒரு நாளுக்கு மேற்பட்ட பயணம் ஒன்றரை மணிக்குள் அடங்கியது. அறுபதுகளில் எயார் சிலோன் சேவையிற் சேர்ந்த அவ்ரோ 748 ரக விமானத்தின் வேகத்தைக் கொண்டு கணக்கிடின் அதே தூரம் ஐம்பது நிமிட வழியே.

கூடத் தொடங்கிய நேரம்

எனினும் விமானத்தின் வேகம் மட்டும் பயண நேரத்தைத் தீர்மானிப்பதில்லை. சுதந்திரம் பெற்ற இரு நாடுகளுக்கிடையே எல்லை என்பது புதிய பொருளைப் பெற்றது. 1948 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் பின்னர் கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் பயணத்தின் உறுப்புகளாயின. நாவலர் காலத்தில் இல்லாத ஒரு காத்திருப்பு இப்போது தோன்றியது. வானில் ஒன்றேகால் மணியும், அலுவலக வாயில்களில் அதனினும் பன்மடங்கு நேரமும் செலவாயின.

இரண்டாவது காரணம் தாரை விமானங்களின் வருகையாகும். அறுபதுகளின் பிற்பகுதியிற் கட்டுநாயக்கா நாட்டின் முதன்மைச் சர்வதேச விமானநிலையமாக வளர்ந்தது. கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்குள்ள 645 கிலோமீற்றரை இடையில் இறங்காது கடக்கத் தாரை விமானத்தால் இயலும். இடைத்தங்கலுக்கு உகந்த இடம் என்னும் பலாலியின் சிறப்பு தொழில்நுட்ப வளர்ச்சியால் மதிப்பிழந்தது.

கடல்வழியும் இதே காலத்திற் சுருங்கியது. 1964 டிசெம்பரில் வீசிய பெரும் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர் இராமேஸ்வரத்திலிருந்து கப்பற் சேவை நடைபெற்றதாயினும் எண்பதுகளின் முற்பகுதியில் இனமுரண்பாடு போராக மாறிய சூழலில் அதுவும் நின்றது.

போரும் தூரமும்

மூன்றாவது காரணமே ஏனையவற்றினும் பெரியது. 1978 செப்ரெம்பர் 7 ஆந் திகதி, புதிய குடியரசு யாப்பு நடைமுறைக்கு வந்த அன்று, எயார் சிலோனின் அவ்ரோ விமானமொன்று இரத்மலானையிற் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டில் எயார் லங்கா புதிய தேசிய நிறுவனமாகச் சேவையைத் தொடங்கியது. 1984 ஓகஸ்ற் 2 ஆந் திகதி மீனம்பாக்கம் விமானநிலையத்தில் குண்டு வெடித்து 33 பேர் உயிரிழந்தனர். கொழும்புக்கு அனுப்புவதற்கெனக் கொண்டுவரப்பட்ட பொதியிலேயே அக்குண்டு இருந்தது. இவ்வாறு இவ்வழியின் இரு முனைகளும் போரின் தழும்பைத் தாங்கின. ஒரு தரப்பின் செயலை மட்டும் நினைவிற்கொண்டு மறுதரப்பின் செயலை மறத்தல் வரலாற்று நெறியாகாது.

பலாலி படைத்தளமாயிற்று. 1987 யூலை 29 இல் இந்திய இலங்கை உடன்படிக்கை கைச்சாத்தானதை அடுத்து இந்திய அமைதிகாக்கும் படையினர் வந்திறங்கிய இடமும் பலாலியே. குடிமக்களுக்கு மூடப்பட்டிருந்த வான்வழி படைவிமானங்களுக்குத் திறந்திருந்தது. தூரமும் நேரமும் எல்லார்க்கும் ஒன்றல்ல என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை நின்றது. அது 2014 ஒக்ரோபர் வரை மீளவில்லை. கண்டிவீதி நீண்ட காலம் மூடப்பட்டும், 2002 இல் திறக்கப்பட்டும், 2006 இல் மீண்டும் மூடப்பட்டும் இருந்தது. நிலவழி மூடிய காலங்களில் கப்பலில் திருகோணமலை சென்று கொழும்பை அடைவதே பலர்க்கு வழியாயிற்று. பலாலிக்கும் இரத்மலானைக்கும் இடையே தனியார் விமானசேவைகள் இடையிடையே நடைபெற்றன. 1998 செப்ரெம்பர் 29 ஆந் திகதி பலாலியிலிருந்து புறப்பட்ட அவ்வாறான விமானமொன்று மன்னாருக்கு அப்பாற் கடலில் வீழ்ந்து அதிலிருந்த 55 பேரும் மாண்டனர்.

இக்காலத்திற் சென்னைக்குச் செல்லவேண்டிய யாழ்ப்பாணத்தவர் எடுத்த வழியை நோக்குவோம். அவர் முதலில் தெற்கே கொழும்பை அடையவேண்டும். பின்னர் கட்டுநாயக்காவிலிருந்து வடக்கே 645 கிலோமீற்றர் பறக்கவேண்டும். விமானம் தமிழகக் கரையை நோக்கிச் செல்கையில் அவர் விட்டுவந்த குடாநாட்டின் அருகாகவே செல்லும். 355 கிலோமீற்றர் வழி ஆயிரம் கிலோமீற்றரைத் தாண்டியது. பாதை திறந்திருந்த காலத்தில் இரண்டு நாளாகவும், மூடியிருந்த காலத்தில் வாரக்கணக்காகவும் அப்பயணம் நீண்டது. சோதனைச் சாவடியும் படையினரின் பயண அனுமதியும் சோளகத்தினதும் வாடையினதும் இடத்தைப் பிடித்துக்கொண்டன. காற்றுக்காகக் காத்திருந்தவர் எப்போதாவது காற்று மாறும் என்று அறிந்திருந்தார். இவர்க்கு அவ்வுறுதியும் இருக்கவில்லை.

1983 இன் பின்னர் ஓர் இலட்சத்திற்கு மேற்பட்டோர் அகதிகளாகத் தமிழகத்தை அடைந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் சிறு படகுகளில் இரவோடிரவாகக் கடலைக் கடந்தவர்கள். மிகக் குறுகிய வழியே மிக ஆபத்தான வழியாகவும் இருந்தது.

கடிகாரமும் இக்காலத்தில் வேறுபட்டது என்பது பலர் மறந்துபோன செய்தி. 1996 இல் மின்சாரத்தைச் சேமிக்கும் நோக்கில் இலங்கையின் நேரம் முன்தள்ளப்பட்டது. முதலில் ஒரு மணி, அவ்வாண்டின் பிற்பகுதியிலிருந்து அரை மணி என்ற அளவில் அது இந்திய நேரத்திற்கு முந்தியிருந்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் பழைய நேரமே பின்பற்றப்பட்டது. எனவே ஒரே தீவினுள் இரு நேரங்கள் வழங்கின. 2006 ஏப்ரலிலேயே பழைய நேரம் நாடு முழுவதற்கும் திரும்பியது. ஏறக்குறைய ஒரே நெடுங்கோட்டில் அமைந்த யாழ்ப்பாணத்திற்கும் சென்னைக்கும் சூரியன் ஒன்றே போல் உதித்தது, கடிகாரங்களே வேறுபட்டன.

மீண்டும் திறந்த வழி

போர் 2009 இல் முடிவுற்றது. எனினும் சென்னை வழி உடனே திறக்கப்படவில்லை; மேலும் பத்தாண்டுகள் சென்றன. 2019 ஒக்ரோபர் 17 ஆந் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமானநிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அலையன்ஸ் எயார் நிறுவனம் சென்னைக்கான ஒழுங்கான சேவையைத் தொடங்கியது. நான்கு மாதங்களில் கொள்ளைநோய்ப் பரவலால் அது நின்றது. 2022 டிசெம்பர் 12 ஆந் திகதி மீண்டது. 2024 செப்ரெம்பரில் இண்டிகோ நிறுவனமும் இவ்வழியிற் சேர்ந்தது.

இச்சேவைகளில் ஈடுபட்டது ஏ.ரி.ஆர். 72 என்னும் சுழலிவிசிறி விமானமாகும். அட்டவணையிற் குறிக்கப்பட்ட பயண நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. ஓடுபாதையில் ஊர்தலும் வட்டமிட்டு இறங்கலும் இதனுள் அடங்கும். 'சீதாதேவி' விமானத்தின் வேகத்தைக் கொண்டு கணக்கிட்ட நேரத்தோடு இதனை ஒப்பிடின் வியப்பே எஞ்சும். இடையில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துள்ளன. விமானத்தின் வேகம் ஏறக்குறைய இருமடங்காகியுள்ளது. ஆயினும் பயணி உணரும் நேரம் பெரிதும் குறையவில்லை. 1947 இல் எட்டப்பட்ட நிலைக்கு யாழ்ப்பாணம் 2019 இல் திரும்பி வந்தது என்பதே உண்மை. இதனை முன்னேற்றம் என்பதினும் மீட்சி என்பதே பொருந்தும்.

ஓடுபாதையின் ஓரத்தில்

மீட்சி எல்லார்க்கும் முழுமையாகக் கிட்டியதா என்பது எஞ்சியுள்ள வினா. 1990 இல் வலிகாமம் வடக்கின் மக்கள் தம் ஊர்களை விட்டு வெளியேறினர். அவர்தம் வீடுகளும் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் தோட்டங்களும் விமானத்தளத்தையும் துறைமுகத்தையும் சூழ்ந்த உயர்பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டன. பலர் மல்லாகம், சுன்னாகம் முதலிய இடங்களின் நலன்புரி முகாம்களில் வாழ்ந்தனர். போர் முடிந்தபின் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. ஆயினும் 2019 இல் முதல் விமானம் சென்னையிலிருந்து வந்திறங்கியபோதும் ஓடுபாதையைச் சூழ்ந்த நிலங்களின் ஒரு பகுதி உரியவர் கையிற் சேர்ந்திருக்கவில்லை.

பெரிய விமானங்கள் இறங்குவதற்கு நீண்ட ஓடுபாதை வேண்டும். ஓடுபாதை நீள்வதற்கு நிலம் வேண்டும். அந்நிலம் ஒருவருக்குரியது. சென்னைக்கான பயணத்தில் இன்னும் சில நிமிடங்களைக் குறைப்பதா, ஊருக்குத் திரும்பக் காத்திருப்பவரின் ஆண்டுகளைக் குறைப்பதா என்னும் இக்கட்டு இவ்விடத்தில் எழுகிறது. இரண்டும் யாழ்ப்பாண மக்களின் நலனே. ஒன்றையொன்று மறுப்பனவாக அவற்றை ஆக்கிவைத்தது கடந்த காலத்தின் போர். நிலத்துக்குரியவரைக் கலந்து, உரிய மாற்றீடும் இழப்பீடும் வழங்கி எடுக்கப்படும் முடிவு ஒன்றே இவ்விக்கட்டைத் தீர்க்கவல்லது.

முடிவுரை

இரு விமானநிலையங்களுக்கிடையிலான தூரத்தைப் புவியியல் தருகிறது. அத்தூரத்தைக் கடக்கும் நேரத்தை வரலாறு தருகிறது. காற்று, புகைவண்டி, சட்டம், தொழில்நுட்பம், போர் என்பன ஒவ்வொன்றும் தத்தம் காலத்தில் அந்நேரத்தை நீட்டியும் குறைத்தும் வந்துள்ளன. இவற்றுட் காற்றொழிந்த ஏனையவை மனிதர் ஆக்கியவை. மனிதர் ஆக்கியவை மனிதரால் மாற்றத்தக்கவை என்பது இவ்வரலாறு தரும் நம்பிக்கையாகும்.

மல்லாகத்து முகாமிலிருந்து பலாலி ஓடுபாதையின் வேலி சில கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது. நடந்தே செல்லத்தக்க தூரம் அது. 355 கிலோமீற்றரை ஒன்றேகால் மணியிற் கடக்கும் விமானம் தலைக்கு மேலாகச் சென்றபோது, கீழே அச்சில கிலோமீற்றரைக் கடந்து தம் வளவை அடைய முப்பது ஆண்டுகளாகியும் இயலாத முதியவர்கள் இருந்தனர். யாழ்ப்பாணத்தின் பயண நேரங்களை எழுதப்புகும் எவரும் அந்நேரத்தையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.